மருமகள் கூண்டு

கத்தரி இலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள் பூச்சியம்மா. பூச்சி ஆராய்ச்சிக் கூடத்தில் பதினெட்டு வருடமாகக் கூண்டு பராமரிக்கும் அவளுக்கு வேறு பெயர் இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது.

அவள் பொறுப்பில் இரண்டு கூண்டுகள். ஒன்றில் உள்ளூர் வண்டு. கத்தரியைத் தின்று தீர்ப்பது. மற்றதில் கடல் தாண்டி வந்த வண்டு. கத்தரிக்குத் தூரத்து உறவான முட்செடி ஒன்று வயல்களை அடைத்துக்கொண்டதால், அதைத் தின்பதற்கென்றே வரவழைத்தது. இரண்டும் ஒரே செம்பழுப்பு. வயிற்றைப் புரட்டினால்தான் உள்ளூர்க்காரியின் கருங்கோடு தெரியும்.

"இவ என் மக, அவ மருமக. மக இலைய நடுவுல சுரண்டி சல்லடையாக்குவா. மருமக ஓரத்துலேர்ந்து கடிப்பா" என்பாள், உள்ளூர் வண்டை முதலில் காட்டி.

"வீட்லயும் இப்படித்தான் பிரிச்சுப் பாப்பீங்களா?" என்று சீண்டுவார் காவலாளி.

"கல்யாணமே கட்டாதவளுக்கு மக ஏது, மருமக ஏது? போய்யா!"

ஆனாலும் மகளிடம் குரல் குழையும். மருமகளுக்கு இலை போடும்போது, "மகாராணிக்குத் திங்கிறதுல மட்டும் கொறச்சலில்ல" என்று முணுமுணுப்பு.

மருமகள் கத்தரியைத் தொட்டால் அன்றே கூட்டத்தோடு உறைபெட்டியில் போட்டுக் கொன்றுவிட வேண்டும் என்பது விதி. நேற்று மாலை மருமகள் கூண்டில் சோதனைக்கு வைத்த கத்தரி இலையில் ஓட்டை.

"பாத்தியாய்யா, வந்தவ புத்தியக் காட்டிட்டா!" காவலாளியிடம் சொல்லிவிட்டு, பூச்சியம்மா இலையை மடித்து, வீட்டுக்குப் போய்விட்ட அதிகாரியின் மேசையில் வைத்தாள். வண்டுகளை டப்பாவில் வாரி, தன் கையாலேயே உறைபெட்டிக்குள் தள்ளினாள்.

இன்று காலை அந்த இளம் அதிகாரி இலையை விரித்தாள்.

"அக்கா, ஓட்டை எங்க இருக்கு?"

"இலையிலதான் மேடம்."

"நடுவுல. சல்லடையா. ஓரம் அப்படியே இருக்கு. நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

பூச்சியம்மா ஓடிப்போய் மருமகள் கூண்டைத் தடவினாள். மகள் கூண்டை ஒட்டிய வலையில் விரல் நுழையும் கிழிசல். மூலையில் தப்பிக் கிடந்த ஒரு வண்டைப் புரட்டினாள். வயிற்றில் கருங்கோடு.

"மூணு வருஷம்... எட்டுத் தலைமுறை வளத்தோம், அக்கா" என்றாள் அதிகாரி.

"பாவி நான், ஒரு தரம் உத்துப் பாத்திருந்தா போதுமே!"

பூச்சியம்மா உறைபெட்டியிலிருந்து பனி பூத்த டப்பாவை எடுத்து மேலங்கிக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. இனிமே எப்படி..."

அவள் காதில் விழவில்லை. மூடியைத் திறந்து, அசையாத அந்தக் குவியலின்மேல் வாயால் மெல்லச் சூடான மூச்சை ஊதினாள். காத்திருந்தாள். மறுபடி ஊதினாள்.