கன்னத்தில் தின்னர் வாசம்

பேத்தி நகப்பூச்சை அழிக்கிற வாசம் வரும்போதெல்லாம் புதுவாயல் ரோட்டோரத்தில் இருந்த எங்கள் கொட்டகை நினைவுக்கு வந்துவிடும். எழுபதுகளில் நைனா அங்கே பழைய கார்களின் இரும்புச் சக்கரங்களுக்கு மறுபடி பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். டயரைக் கழற்றிய சக்கரத்தை டிரம்மில் கரைத்த காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் பழைய பெயிண்ட் காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி சுருங்கிக்கொண்டு வரும். அதை வெறுங்கையால் உரித்து, அலசி, உப்புத்தாளால் சரக் சரக்கென்று அம்மா தேய்ப்பாள், மேடுபள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள், பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் துடைத்து நைனாவிடம் உருட்டிவிடுவாள், வெளியே லாரிகள் போய்க்கொண்டே இருக்கும்.

பிறகு ஒரு வெயில் காலத்திலிருந்து விரலை விட்டுவிட்டுச் சக்கரத்தில் கன்னத்தை வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

“இன்னாத்துக்கு மூஞ்சிய வெக்கிற?” என்று நைனா கேட்டார்.

“வெரலுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

நைனா சில்வர் பெயிண்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். கலக்குவதை நிறுத்தவில்லை.

எனக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான். குனிந்து என் நெற்றியில் கன்னத்தை வைத்து, “சுடுதுடி, படுத்துக்கினு இரு,” என்பாள். தின்னர் வாசம் அடிக்கும்.

அம்மாவைக் கிடத்தியிருந்தபோது எல்லாரும் அவள் கையைப் பிடித்து அழுதார்கள். நான் குனிந்து நெற்றியில் கன்னத்தை வைத்தேன். சில்லென்று இருந்தது. அழுகை வரவில்லை. மேடுபள்ளம் ஒன்றும் தட்டுப்படவில்லை என்று மட்டும் தோன்றியது.