ஏட்டையாவுக்கு வந்த போலீஸ் போன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பக்கம் வந்து சோணைமுத்து வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஏட்டையா வீடு என்றால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அவர் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகின்றன. காக்கிச் சட்டையை அவர் விட்டாலும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அவர் பெரிய திருடன் எவனையும் பிடித்ததில்லை. பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, சம்மன் கொடுப்பது என்றே காலம் போனது. அவற்றோடு, ஸ்டேஷனில் மற்றவர்கள் விரும்பாத ஒரு வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. ஒருவரைக் கைது செய்தால் அவர் வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். போனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் சோணைமுத்து வண்டியை எடுத்துக்கொண்டு வன்னியம்பட்டியோ கூமாப்பட்டியோ நேரில் போவார். தெருவில் நின்று சத்தம் போடமாட்டார். உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பையன் ஸ்டேஷனில்தான் இருக்கிறான், அடி உதை எதுவும் இல்லை, நாளைக்கு வக்கீலோடு கோர்ட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வருவார். அந்த வீடுகளில் பாதிப்பேர் இன்றும் அவரைப் பார்த்தால் நின்று பேசுவார்கள்.

வீட்டில் அவரும் மனைவி வெங்கடேஸ்வரியும் மட்டும்தான். ஒரே மகன் முத்துக்குமரன் ராணுவத்தில், ஜம்மு பக்கம் இருக்கிறான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து ஊர் ஓய்ந்திருந்த வாரம் அது. வெங்கடேஸ்வரி காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் சோணைமுத்துவுக்கு ஒரு போன் வந்தது. உங்கள் எண் இன்றோடு துண்டிக்கப்படும், விவரத்துக்கு ஒன்பதை அழுத்துங்கள் என்றது பதிவு செய்த பெண் குரல். அழுத்தினார். ஒருவன் பேசினான். உங்கள் ஆதாரை வைத்து பம்பாயில் யாரோ சிம் வாங்கியிருக்கிறார்கள், அந்த எண்ணில் ஒரு போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, வழக்குப் பதிவாகிவிட்டது, அதிகாரி வீடியோவில் வருவார் என்றான்.

திரையில் தலையில் தொப்பியும் காக்கிச் சட்டையும் தோளில் நட்சத்திரமுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். பின்னால் தேசியக்கொடி. எங்கோ ஓரத்தில் வயர்லெஸ் கரகரத்துக்கொண்டிருந்தது. அந்தக் கரகரப்புதான் அவரைக் கவிழ்த்தது. சர்வீஸ் முழுக்கக் காதில் விழுந்த சத்தம். தன்னை அறியாமல் எழுந்து நின்று சல்யூட் அடித்து, "எஸ் சார்" என்றார்.

சந்தேகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. தன் அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அதிகாரி எதற்குத் தொப்பியைக் கழற்றாமல் இருக்கிறார் என்று ஒரு நினைப்பு வந்தது. பம்பாயில் அப்படித்தான்போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதற்குள் திரையில் இருந்தவன் முத்துக்குமரனின் பெயரைச் சொல்லிவிட்டான். மகன் ராணுவத்தில் இருப்பது எங்களுக்குத் தெரியும், அப்பா பெயர் போதை வழக்கில் வெளியே வந்தால் அவன் வேலை நிலைக்குமா என்று கேட்டான். நீங்கள் இப்போது டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், அறையை விட்டு நகரக்கூடாது, வீடியோவை அணைக்கக்கூடாது, மனைவி உட்பட யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்றான். எல்லாவற்றுக்கும் சோணைமுத்து தலையாட்டினார்.

சட்டம் தெரிந்த மனுஷன் இதை எப்படி நம்பினார் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அவருக்குச் சட்டம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மேலதிகாரி குரலை உயர்த்தினால் எதிர்க்கேள்வி கேட்காமல் நிற்க வேண்டும் என்பது சட்டத்துக்கும் முன்னால் அவர் உடம்பில் ஏறிய பாடம். மகன் பெயரும் சேர்ந்துகொண்டபோது மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

வெங்கடேஸ்வரி திரும்பி வந்தபோது உள் அறை தாழிட்டிருந்தது. பென்ஷன் ஆபீஸிலிருந்து வீடியோவில் விசாரிக்கிறார்கள், உள்ளே வராதே என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். மதியம் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தாள். கதவு கொஞ்சம் திறந்தது, கை நீண்டு தட்டை எடுத்துக்கொண்டது, மூடியது. சாயங்காலமும் அப்படியே. உடம்புக்கு ஏதாவதா, மகனோடு மனஸ்தாபமா என்று அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டாள். யாரோ மெதுவாகப் பேசுவதும் இவர் சரி சரி என்பதும் கேட்டது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அவளிடம் ஒன்றும் சொல்லாமல் பேங்குக்குக் கிளம்பினார். போன் ஓடிக்கொண்டே சட்டைப்பையில் இருந்தது. உங்கள் பணத்தைச் சரிபார்க்க வேண்டும், அரசாங்கக் கணக்குக்கு அனுப்புங்கள், குற்றமில்லை என்று தெரிந்தால் திரும்பி வந்துவிடும் என்பது அவர்கள் இட்ட உத்தரவு.

கவுன்ட்டரில் இருந்த ஜுவைரியாவுக்கு அவரை நன்றாகத் தெரியும். வந்தால் அவளுடைய குழந்தையைப் பற்றி விசாரிக்காமல் போகமாட்டார். அன்று தலையே நிமிரவில்லை. டெபாசிட்டை ஏன் முறிக்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். நிலம் வாங்குகிறேன் என்றார். அவர் பெயரில் தனியாக இருந்த டெபாசிட், கேட்டவர் அவரே. அவளால் மறுக்க முடியவில்லை. பணம் போயிற்று. இன்னொன்று புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் இருந்தது. அதற்கு அக்கா கையெழுத்தும் வேண்டும் என்று படிவத்தைக் கொடுத்தாள். அவர் திரும்பியபோதுதான் சட்டைப்பைக்குள் போன் வெளிச்சமாக எரிவதைப் பார்த்தாள்.

அவர் படியிறங்கியதும் ஜுவைரியா வெங்கடேஸ்வரியைக் கூப்பிட்டாள். பணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஏட்டையாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா, போனைப் பையில் ஓடவிட்டபடியே வந்தார், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, கொஞ்சம் கவனியுங்கள் அக்கா என்று மட்டும் சொன்னாள். அந்த முதல் டெபாசிட்டையும் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்தியிருக்கலாமே என்று அவள் இன்றைக்கும் வருத்தப்படுகிறாள்.

சோணைமுத்து வீட்டுக்கு வந்து படிவத்தை மனைவியிடம் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்னத்துக்கு?"

"போடுன்னா போடேன். பொறவு சொல்லுதேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் பேனாவை வாங்கவில்லை. அப்போது சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மனைவியிடம் விளக்கம் எதுவும் சொல்லக்கூடாது, கையெழுத்து மட்டும் வாங்குங்கள் என்றது.

வெங்கடேஸ்வரி அந்தப் பையையே பார்த்தாள். "யாரு அது?"

அவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். "போலீஸு. என்னைய அரெஸ்ட் பண்ணியிருக்காவ."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. சொந்த வீட்டில், சலவைச் சட்டையோடு, எதிரே நின்றுகொண்டு இப்படிச் சொல்கிறாரே என்று திகைத்தாள். பிறகு சத்தம் போடாமல் கேட்டாள்.

"ஒருத்தர அரெஸ்ட் பண்ணுனா வீட்டுக்குத் தகவல் சொல்லணும்னு கொட்டுத மழையில கூமாப்பட்டிக்குப் போனவரு நீங்க. எனக்கு யாரு வந்து சொன்னா?"

சோணைமுத்துவின் கை பையை விட்டு இறங்கியது. பையில் இருந்த குரல் உயர்ந்தது. உன்னையும் சேர்த்து உள்ளே தள்ளுவேன் என்று இப்போது வெங்கடேஸ்வரியை மிரட்டியது. அவர் போனை வெளியே எடுத்து, முதல்முறையாக அந்த முகத்தை ஒரு போலீஸ்காரனின் கண்ணால் பார்த்தார்.

"எந்த ஸ்டேஷன் நீ? எஃப்.ஐ.ஆர். நம்பர் என்ன?"

திரையில் இருந்தவன் கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பித்தான். சோணைமுத்து இணைப்பைத் துண்டித்தார். அடுத்த நிமிஷமே மறுபடி அடித்தது. வேறு வேறு எண்களிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெங்கடேஸ்வரி தண்ணீர் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள். எங்கே சொல்ல வேண்டும் என்று கேட்டாள். சைபர் மோசடிக்குப் புகார் சொல்லும் எண் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது என்று அவர்தான் சொன்னார். ஸ்டேஷன் சுவரில் அந்த எண்ணை எத்தனையோ தடவை பார்த்தவர் அவர். அவளே பேசினாள். கையோடு ஜுவைரியாவுக்கும் சொன்னாள். பணம் போன கணக்கை முடக்க ஜுவைரியா உடனே ஏற்பாடு செய்தாள். ஒரு பகுதி நின்றது. மீதி அதற்குள் கணக்குவிட்டுக் கணக்கு மாறிப் போய்விட்டது.

மறுநாள் இருவரும் விருதுநகரில் சைபர் கிரைம் போலீசுக்குப் போனார்கள். அங்கே சப்-இன்ஸ்பெக்டராக இருந்த கௌதம்ராஜ் ராஜபாளையத்துப் பையன். கோர்ட்டில் பார்த்துப் பழகியவர். ஏட்டையாவைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சோணைமுத்து உட்காரவில்லை.

"நாமளே ஏமாந்துட்டு நிக்கோம். பொதுஜனத்துக்கு என்னத்தச் சொல்ல?" என்றார்.

"அவனுக இதுக்குன்னே பயிற்சி எடுத்துட்டு வாரானுக ஏட்டையா. நம்ம டிபார்ட்மென்ட்டு ஆளுகளும் இந்தச் சேர்ல உக்காந்துட்டுப் போயிருக்காவ. மொதல்ல உக்காருங்க."

கௌதம்ராஜ் புகாரை எழுதிக்கொண்டே, வருகிற எல்லோருக்கும் சொல்வதை அவர்களுக்கும் சொன்னார். போனில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடம் கிடையாது. சரிபார்க்கிறோம் என்று எந்த போலீசும் கோர்ட்டும் பணம் கேட்காது. பயமுறுத்தினாலும் அவசரப்படுத்தினாலும் யாரிடமும் சொல்லாதே என்றாலும் பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இதெல்லாம் சோணைமுத்துவுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் புதிதாகக் கேட்பவரைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் வெங்கடேஸ்வரி பல நாள் சரியாகப் பேசவில்லை. பணம் போன கோபம் என்று அவர் நினைத்தார். எதையாவது விற்றாவது ஈடுகட்டிவிடலாம் என்று ஒரு நாள் ஆறுதலாகச் சொல்லப்போக, அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"பணத்துக்கு நான் அழுவல. என்னைய வெளிய நிப்பாட்டிட்டுக் கதவச் சாத்துனியளே, அதுக்குத்தான் அழுவுதேன். உள்ள உங்களுக்கு நெஞ்சுவலி வந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

மகன் வேலைக்குப் பயந்துதான் என்று மெதுவாகச் சொன்னார். அப்படியானால் மகனிடமும் நீங்களே சொல்லுங்கள் என்றாள். அடுத்த முறை முத்துக்குமரன் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னார். அவன், தன்னோடு இருக்கும் இன்னொரு சிப்பாயின் அப்பாவுக்கும் இதே மாதிரி போன் வந்ததாகச் சொன்னான். தன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்றான். அம்மாவும் மகனும் வெகுநேரம் பேசினார்கள். அன்று மாலையில் வெங்கடேஸ்வரி இரண்டு டம்ளரில் காபி கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ராஜபாளையத்தில் ஓய்வு பெற்ற காவலர்கள் கூட்டம் நடந்தபோது சோணைமுத்து தானாக எழுந்து நடந்ததைச் சொன்னார். போகாதீர்கள், கேலி செய்வார்கள் என்று சிலர் தடுத்தும் போனார். கேலி செய்தார்கள்தான். பின்வரிசையில் ஒருவர், ஏட்டையா வீடியோவுக்கே சல்யூட் அடித்தாராமே என்று சிரித்தார். சோணைமுத்து ஆமாம் என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தவரை வைகுண்டராஜ் பின்தொடர்ந்து வந்தார். ராஜபாளையத்திலேயே குடியிருப்பவர், சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர். வேலையில் இருந்தபோது சோணைமுத்து அவருக்குப் பயப்படுவார். டீ சாப்பிடலாமா என்று கூப்பிட்டார். டீ வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கும் வந்துச்சுய்யா. சித்திரையில. மொத்தமும் போச்சு. வீட்டுல இன்னும் தெரியாது."

எம்புட்டு என்று சோணைமுத்து கேட்கவில்லை. இவ்வளவு மாதம் கழித்துப் புகார் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று வைகுண்டராஜே கேட்டார். பணம் கிடைக்காமல் போகலாம், அந்தக் கணக்கை வைத்து அடுத்த ஆளை ஏமாற்றாமல் தடுக்கலாமே என்றார் சோணைமுத்து. நானும் கூட வருகிறேன் என்றார்.

இரண்டு பேரும் ஒரு நாள் காலையில் விருதுநகருக்குப் போனார்கள். கௌதம்ராஜ் புகாரை வாங்கிக்கொண்டார். நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. வைகுண்டராஜ் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே மனைவிக்குப் போன் செய்து வீட்டுக்கு வந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார். சோணைமுத்துவுக்கு முடக்கி வைத்திருந்த பணம் கோர்ட் உத்தரவின் பேரில் பிற்பாடு திரும்பி வந்தது. வைகுண்டராஜுக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் வைகுண்டராஜுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சிவகாசி தாண்டியதும் தூங்கிவிட்டார். பல மாதமாகச் சரியான தூக்கமே இல்லை என்று காலையில் சொல்லியிருந்தார். தலை சரிந்து சோணைமுத்துவின் தோளில் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது கண்டக்டர் சோணைமுத்துவைப் பார்த்து இறங்கவில்லையா என்று கேட்டார். அவர் அசையாமல் ராஜபாளையத்துக்கு இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, வர நேரமாகும் என்று வெங்கடேஸ்வரிக்குப் போனில் சொன்னார்.