ரெஜினா கோத்ததில் பிழை இல்லை

செய்தி வந்தபோது நான் தி.நகரில் ஒரு துணிக்கடையின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மனைவி உள்ளே புடவை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் போலவே கட்டைப்பையோடு உட்கார வைக்கப்பட்ட கணவன்மார்கள் படிக்கு ஒருவராக இருந்தோம். ஓசூரிலிருந்து போன். "அங்கிள், ரெஜினா சித்தியோட அக்கா பையன் பேசறேன். சித்தி மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாங்க. எழுந்திருக்கலை." எழுந்தேன். எங்கே போவது என்று தெரியாமல் அதே படியில் மறுபடி உட்கார்ந்தேன். மேல்படிக் கணவர் ஆவலாகக் குனிந்து, "முடிஞ்சிடுச்சா சார்?" என்றார். முடிஞ்சிடுச்சு என்றேன். "கொடுத்து வெச்சவர்" என்று பெருமூச்சு விட்டார்.

நம் வார இதழில் வேலை பார்த்தவர்களுக்கு ரெஜினாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் அந்த இதழின் ஒவ்வொரு பக்கத்தையும் வடிவமைத்தவர் அவர். படம் எங்கே, தலைப்பு எங்கே, எந்தக் கட்டுரையின் வாலை எங்கே நறுக்குவது என்பதெல்லாம் அவர் கையில். என் நகைச்சுவைப் பக்கம் வியாழக்கிழமை அவர் மேஜைக்குப் போகும்.

"சார், அஞ்சு வரி ஜாஸ்தியா கீது. சிரிப்பு வராத அஞ்சு வரி எதுன்னு நீங்க சொல்றீங்களா, நானே கண்டுபிடிக்கட்டுமா?"

"எல்லாமே சிரிப்பு வர்ற வரிதான் ரெஜினா."

"சரி, நானே பாத்துக்கறேன். அது ஒண்ணும் கஷ்டம் இல்ல."

ஒரு முறை, அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைச் சேர்க்கப்போய் பொங்கல் மலரின் பதினாறு பக்கங்களைக் காணாமல் அடித்தேன். நீங்கள் எல்லோரும் அன்று என்னைத் திட்டியது நினைவிருக்கும். ரெஜினா திட்டவில்லை. பதினாறையும் முதலிலிருந்து போட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "இனிமே என் மேஜை கிட்ட வந்தா ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கினு நில்லுங்க." அதன் பிறகு இதழ் மூடும்வரை அப்படித்தான் நின்றேன். கவர்னரைப் பார்க்க வந்தவன் போல.

இதழ் மூடப்பட்டபோது ரெஜினாவுக்கு ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாந்தோமில் வாடகைக்கு இரண்டு அறை. ஓசூரில் இருக்கும் அக்கா வந்துவிடு, வந்துவிடு என்று தினமும் போனில் கூப்பிட்டார். ரெஜினாவுக்கு இஷ்டமில்லை. "அக்கா நல்லவதான் சார். ஆனா அங்க போனா நான் அக்கா வீட்ல இருக்கற ரெஜினா. இங்க நான் ரெஜினா" என்றார். இங்கேயே இருக்க வேண்டுமானால் வேலை வேண்டும். ராயப்பேட்டையில் பள்ளிக்கூடக் கைடு போடுகிற பதிப்பாளர் ஒருவர், "சொந்தமா மிஷின் இருக்கா? மாசக் கடைசிக்குள்ள மாதிரிக்கு நாப்பது பக்கம் போட்டுக் கொண்டாங்க. நல்லா இருந்தா இனிமே எல்லா கைடும் உங்களுக்குத்தான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் சாந்தோமா ஓசூரா என்பது தொங்கிக்கொண்டிருந்தது.

என் லேப்டாப்பைக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தேன். அந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளைத் திறந்ததும், மயிலாப்பூர்க் கோபுரத்தைத் தலையில் தூக்கச் சொன்னதுபோல் அது திணறிப் படுத்துவிட்டது. ஆகவே ரெஜினா உதிரிபாகங்களை வாங்கி, தானே ஒரு கம்ப்யூட்டர் கோப்பது என்று முடிவு செய்தார். "கடையிலயே பூட்டித் தரேன்னாங்க. வேணாம்னுட்டேன். வீட்ல தனியா இருக்கறவ. என் மிஷின்ல எது எங்க கீதுன்னு எனக்குத் தெரியணும்."

நான் துணைக்குப் போனேன். என் மனைவி, "ஒரு பல்பு மாத்தத் தெரியாது, கம்ப்யூட்டர் பண்ணப் போறேளாக்கும்" என்றாள். நான் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டினப்பாக்கத்தில் காலையில் வாங்கிய வஞ்சிரத்தை ரெஜினா மத்தியானம் வறுப்பார். எங்காத்தில் வெங்காயத்துக்கே நாள் நட்சத்திரம் பார்ப்பார்கள். இதை மனைவி படிக்க மாட்டாள் என்ற துணிச்சலில் எழுதுகிறேன். அவள் என் எழுத்தைப் படிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் இரண்டு நாளில் கோத்து முடித்தார். ஒவ்வொரு வயரையும் வகிடெடுத்துப் பின்னியதுபோல் கட்டியிருந்தார். பட்டனை அழுத்தினார். காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஐந்து விநாடியில் எல்லாம் நின்றது. மறுபடி தானாகவே சுற்றியது, நின்றது. தும்மல் வருவது போல் முகத்தைச் சுளித்து, வராமலே போவதுபோல. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மூக்கு நமநமத்தது.

ரெஜினா பதறவில்லை. ஒரு தாளில் பன்னிரண்டு வரி எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொரு வரியும் ஒரு சந்தேகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார், பட்டனை அழுத்துவார், ஓடாவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். நான் அவசரப்பட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கித் திரும்பச் செருகினால் என்ன என்று கேட்டேன்.

"ஓடும் சார். ஆனா எதனால ஓடுச்சுன்னு தெரியாது. அது தெரியாம ஓடினா, நாளைக்கு நின்னா இன்னா பண்றது? அவசரத்துல பண்ணா சரியா வந்தாலும் தப்புதான்."

ஒரு வாரத்தில் எட்டு வரிகளை அடித்திருந்தார். ஒன்பதாவது வரி, 'ரேம்: பள்ளத்தை மாற்று.' ரேம் என்பது விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. அதைச் செருக போர்டில் நான்கு பள்ளங்கள் உண்டு. ஒரே பட்டையை வைத்துச் சோதிக்கும்போது இரண்டாவது பள்ளத்தில்தான் செருக வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. ரெஜினா புத்தகத்தை மதிக்கிறவர். இரண்டாவதிலேயே வைத்து எட்டு வரியையும் பார்த்திருந்தார்.

அன்று சாயங்காலம் பூசைக்குக் கிளம்பினார். வாசலில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "மிச்சம் வந்து பாக்கலாம். நீங்க கையைக் கட்டிக்கினு உக்காருங்க" என்றார்.

பத்து நிமிடம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு மூன்று காரியம் செய்தேன். பிளக்கைப் பிடுங்கி ஃபிரிட்ஜின் பக்கத்துப் பாயின்டில் சொருகினேன். ரேம் பட்டையைக் கழற்றி முதல் பள்ளத்தில் அழுத்தினேன். கடைசியாக, எங்கள் பழைய டிவிக்கு அப்பா செய்வதுபோல், பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். பட்டனை அழுத்தினேன். திரையில் வெளிச்சம் வந்தது.

ரெஜினா திரும்பி வந்து திரையைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னா சார் பண்ணீங்க?"

பெட்டியின் உள்ளே கைவைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பதினாறு பக்கங்கள் ஞாபகத்துக்கு வந்தன. "ஒண்ணும் பண்ணலை. பிளக்கை அந்தப் பக்கம் மாத்திப் போட்டேன், அவ்வளவுதான்" என்றேன்.

"அட, பிளக்கா!" என்று சிரித்தார். காப்பி போட உள்ளே போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவசரமாக மிஷினை அணைத்து, ரேம் பட்டையைப் பிடுங்கி, பழையபடி இரண்டாவது பள்ளத்திலேயே வைத்தேன். தடயத்தை அழித்தேன். திருடனுக்குக்கூட இவ்வளவு சுறுசுறுப்பு இருக்காது. அவர் காப்பியோடு வந்து பட்டனை அழுத்தினார். காற்றாடி சுற்றியது, நின்றது. சுற்றியது, நின்றது. அவர் பார்க்காதபோது நான் பெட்டியின் தலையில் இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன்.

கோளாறு அந்தப் பள்ளத்தில்தான் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்கக்கூடும் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். தெரிந்தது என்றே எழுதிவிடுகிறேன்.

ரெஜினா சுவரிலிருந்த தாளை எடுத்து, எட்டாவது வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, 'கரண்ட்' என்று எழுதினார். ஒன்பதாவது வரி அந்தக் கோட்டுக்குக் கீழே போனது. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் தன்னிடமிருந்த ரேமைக் கைக்கு வந்த பள்ளத்தில் செருகினார். ஓடியது. "மிஷின் நல்லா கீதும்மா. உங்க வூட்டு கரண்ட்டைப் பாருங்க" என்றார். தன் ரேமை எடுத்துக்கொண்டு, எங்கள் பட்டையைப் பழையபடி இரண்டாவது பள்ளத்திலேயே வைத்துக் கொடுத்தார். என் பொய்க்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது.

எலெக்ட்ரீஷியன் வந்தார். கடல் காற்றில் வயரெல்லாம் பூத்துவிட்டது, எர்த்தே இல்லை என்றார். எர்த்துக்குப் பள்ளம் தோண்ட வீட்டுக்காரர் சம்மதிக்க நான்கு நாள். தோண்டியபோது தண்ணீர்க் குழாய் உடைந்து அதை அடைக்க இரண்டு நாள். நான் தினமும் போனேன். இன்று சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒரு நாள் வாயைத் திறந்தும்விட்டேன். "ரெஜினா, அந்தப் பிளக் விஷயம்…"

அவர் முந்திக்கொண்டார். "அதான் சார் நானும் நெனச்சுக்கினு இருந்தேன். நீங்க மட்டும் மாத்திப் பாக்கலன்னா கரண்ட்டுதான் கோளாறுன்னு எனக்குத் தோணியே இருக்காது. உங்களையும் கையக் கட்டச் சொன்னேன் பாருங்க."

இருபத்திரண்டு வருடத்தில் ரெஜினா என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வஞ்சிரம் ஆறுகிறது என்றேன்.

எர்த் போட்டு முடிந்த அன்று பட்டனை அழுத்தினார். சுற்றியது, நின்றது. மாதம் முடிய ஒரு நாள்தான் இருந்தது. ரெஜினா நாற்காலியில் சாய்ந்து, முதல் முறையாக அந்தத் தாளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "சரி, விடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. பதிப்பாளர் மூன்றாம் நாளே வேறொருவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார்.

ஓசூர் கிளம்புகிற அன்று, சாமான் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். "உங்க கைக்குத்தான் ஒரு தபா ஓடுச்சு. நீங்களே வெச்சுக்கோங்க." அப்போதும் நான் சொல்லவில்லை. அக்கா பையன் அவசரப்படுத்தினான், வெயிலாக இருந்தது, டிரைவர் ஹாரன் அடித்தார். காரணங்களுக்கா பஞ்சம்? மூன்று மாதம் கழித்து அந்தத் துணிக்கடைப் படியில் போன் வந்தது.

சாந்தோமில் நடந்த நினைவுத் திருப்பலிக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். அடக்கம் ஓசூரிலேயே முடிந்துவிட்டது. திருப்பலி முடிந்து டீக்கடையில் நின்றபோது பேச்சு எப்படியோ அங்கே வந்தது. "பாவம், கடைசியில ஒரு கம்ப்யூட்டரைக் கோக்க முடியாம தோத்துட்டாங்க", "வயசாயிடுச்சு இல்ல, இதெல்லாம் இந்தக் காலத்துப் பசங்க வேலை", "கடையில பூட்டித் தரேன்னு சொன்னப்பவே வாங்கியிருக்கணும்." யார் யார் எதைச் சொன்னீர்கள் என்று நான் எழுதப் போவதில்லை. நானும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள், கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியை எடுத்து அடையாறில் ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறந்து டார்ச்சை உள்ளே அடித்தார்.

"யாரு சார் அசெம்பிள் பண்ணது? வயரெல்லாம் இன்னா அழகா கட்டிகீறாங்க. நம்ம கடையில ஒரு பையனும் இப்படிக் கட்ட மாட்டான்."

"ஒரு ஃபிரெண்டு."

ரேமைப் பிடுங்கினார், மாற்றினார், அழுத்தினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "ரெண்டாவது ஸ்லாட்டு செத்துப்போச்சு சார். கம்பெனிலேருந்தே அப்படித்தான் வந்திருக்கும். பூட்டினவங்க மேல ஒரு தப்பும் இல்ல. பட்டையை மாத்திப் போட்டிருந்தா அன்னிக்கே ஓடியிருக்கும். அவங்க மாத்திப் பாக்கலையா?"

பூசை முடிந்து வந்து பார்ப்பதாக இருந்தார் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். டீக்கடையில் நின்ற அத்தனை பேருக்கும் சொல்கிறேன். ரெஜினா தோற்கவில்லை. ஒரு திருகாணிகூடத் தப்பாக முறுக்கவில்லை. அவர் போன வழி சரியான வழி, விடைக்கு ஒரு வரி முன்னால்வரை வந்திருந்தார். நடுவில் நான் நின்றேன். இனி அவரைப் பற்றிப் பேசும்போது தயவுசெய்து இதையும் சேர்த்துப் பேசுங்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கம்ப்யூட்டர். இதையும் அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளாவது மக்கர் பண்ணினால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். பண்ணுவதில்லை. காலையில் பட்டனைத் தொட்டால் போதும், உடனே வெளிச்சம் வந்துவிடுகிறது.