டோர்காஸுக்கு அடித்த மணி

நெதர்காட் கிராமத்தில் ஒரு சாவு விழுந்தால் முதலில் சொல்வது தேவாலய மணிதான். ஆணுக்கு ஒன்பது அடி, பெண்ணுக்கு ஆறு. சற்று இடைவெளி விட்டு, வயதின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அடி. வயலில் டிராக்டர் நிற்கும். ரொட்டிக் கடையில் பேச்சு நிற்கும். எண்ணி முடித்ததும் போனது யார் என்று ஊரே சொல்லிவிடும்.

1922 முதல் அந்த மணிக்கயிறு ஜெத்ரோ காபோல்டிடம் இருந்தது. குழி வெட்டுவதும் அவர்தான். பிழைப்புக்கு வேலி கட்டுவார். போரின்போது மணியடிக்க அரசு விதித்த தடை நீங்கலாக, ஊரின் ஒவ்வொரு சாவுக்கும் அவரே அடித்தார். ஒருமுறைகூட எண்ணிக்கை தவறியதில்லை. மனைவி மக்கள் இல்லாத மனிதர். மதுக்கடையில் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இது ஒன்றுதான் இருந்தது.

1953 அக்டோபரில் டோர்காஸ் ஃபென் அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நெஞ்சில் நீர் கோத்துப் படுக்கையில் கிடந்தார். இருவரும் ஊர்ப் பள்ளியில் ஒரே வகுப்பு. பிறகு டோர்காஸ் லெஸ்டர் நகரத்துக்கு வீட்டுவேலைக்குப் போய், இருபது வருடம் கழித்து ரூபன் என்ற கணவரோடு திரும்பியவர். அன்று ரூபன் வயலுக்குப் போயிருந்தார்.

"ஜெத்ரோ, எனக்கு அறுபத்தொண்ணு அடி."

"அறுபத்தெட்டு, டோர்காஸ். உனக்கும் எனக்கும் ஒரே வயசு."

"ரூபன் என்னைவிட எட்டு வயசு சின்னவன். வயசுல ஏழு குறைச்சுச் சொல்லித்தான் கட்டிக்கிட்டேன். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன், வாய் வரல. இனிமே மணி சொல்லியா அவனுக்குத் தெரியணும்?"

"ஊரே எண்ணுமே."

"ஊரு எண்ணட்டும். அவனும் எண்ணுவானே!"

ஜெத்ரோ வாக்குக் கொடுக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த வாரம் டோர்காஸ் இறந்தார். ஜெத்ரோ ஆறு அடித்தார், பிறகு வயது. அறுபத்தொன்று வந்ததும் கை தானாக அடுத்த அடிக்கு உயர்ந்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்து நிறுத்திக் கட்டிவிட்டார்.

அவர்கள் காலத்தில் பள்ளியில் படித்தவர்களில், ஜெத்ரோவைத் தவிர, ஊரில் மிஞ்சியிருந்தவர் கெசையா டிம்ஸ் மட்டுமே. ஜெத்ரோ குழி வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏய் ஜெத்ரோ, மிச்ச ஏழு அடியை எங்க தின்னுட்டே? அவ என்னைவிட ஒரு வகுப்பு மேல. எனக்கே அறுபத்தேழு. உனக்கென்ன, மூளை கரைஞ்சு போச்சா?"

காரணத்தைச் சொன்னால் மாலைக்குள் ரூபன் காதுக்குப் போய்விடும். கெசையாவின் வாய் அப்படி.

"மூளைதான். எண்ணிக்கை நிக்க மாட்டேங்குது."

"அப்ப கயிறு உனக்கெதுக்கு? நாளைக்கு எனக்கும் அரைகுறையா அடிக்கவா?"

"பாதிரியார்கிட்ட சொல்லிக்கோ. ரூபன்கிட்ட மட்டும் வேண்டாம். துக்கத்துல இருக்கான்."

கெசையா சொன்னார். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாதிரியார் ஜெத்ரோவைத் தனியே அழைத்து, "எண்ணிக்கை தடுமாறுதாமே?" என்று கேட்டார். பின்னால் வந்த ரூபன் காதில் அது விழுந்துவிட்டது.

"யாரு சொன்னது ஐயா? என் வீட்டுக்காரிக்கு அடிச்சப்போ வாசல்ல நின்னு எண்ணினேன். அறுபத்தொண்ணு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. இவரைப் போய் குறை சொல்றீங்களே! வேணும்னா ஊரையே கேளுங்க!"

பக்கத்தில் நின்ற கெசையா வாயைத் திறந்தார். அதற்குள் ஜெத்ரோ முந்திக்கொண்டார்.

"உன் வீட்டுக்குச் சரியாத்தான் அடிச்சேன், ரூபன். மத்தபடி கணக்கு நழுவுது, பாதிரியாரே. வேற ஆளைப் பாருங்க."

கெசையா ஜெத்ரோவைப் பார்த்தார். ரூபனைப் பார்த்தார். திறந்த வாய் மெல்ல மூடியது.

"கிழவனுக்கு வயசாயிடுச்சு. வேறென்ன?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கயிறு தச்சர் சைலஸ் பிராட்டுக்குப் போனது. குழி வெட்டும் வேலை ஜெத்ரோவிடமே இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் எழுபத்து நான்கு வயது வண்டிக்காரர் ஒருவர் இறந்தார். சைலஸ் எழுபத்தைந்து அடித்தார். வேலி ஓரத்தில் நின்று எண்ணிய ஜெத்ரோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்.