வெட்டு விழுந்த வால்

அவருக்குக் கழுத்துவலி வந்ததே அந்த வாலால்தான். பழைய விளையாட்டுச் சட்டைகளின் மார்பில் அணியின் பெயர் சாய்ந்து, ஓர் எழுத்து அடுத்ததன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடும். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, திரும்பி வந்து, பெயருக்கே அடிக்கோடு போடும். லோகோ செய்கிறவர்களுக்காக அப்படியொரு ஃபாண்ட் வரைய உட்கார்ந்தவர், எழுந்திருக்க இரண்டு வருடம் ஆனது. படுக்கையறை மூலையில் துணி மடிக்கும் மேசைதான் அலுவலகம். மனைவி துணியோடு வந்தால் அவர் கணினியோடு கட்டிலுக்குக் குடிபெயர வேண்டும்.

எந்த எழுத்தும் எந்த எழுத்தோடும் சேர வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பங்காளி மாதிரி முறைத்துக்கொள்ளும். எப்படியோ முடித்து, இலவச மாதிரி ஒன்றை இணையத்தில் விட்டார். மாதிரியில் வேண்டுமென்றே ஒரு குறை வைப்பது அவர் வழக்கம். பிடித்தவன் முழுசாக வாங்கட்டும் என்றுதான். இதில் வாலைக் குட்டையாக்கி, நுனியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு வைத்தார்.

"இந்த வெட்டைப் பார்த்தா எவனுக்கும் தூக்கம் வராது. வாங்கிடுவான்," என்றார் மனைவியிடம். பாவம், உலகமே தன்னைப் போல வால் நுனியை உற்றுப் பார்க்கும் என்று நினைத்துவிட்டார்.

மாதிரியை ஆயிரக்கணக்கானோர் எடுத்துக்கொண்டார்கள். முழுசாக வாங்க ஓர் ஆள் இல்லை.

"எனக்கும் முடியலைங்க," என்றாள் மனைவி. "மாசக் கடைசிக்குள்ள ஒருத்தராவது வாங்கினா உங்க இஷ்டம். இல்லேன்னா என் தம்பி கிடங்குக்கு வேலைக்குப் போங்க."

மாசக் கடைசிதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து, கிடங்கில் போட்டுக்கொள்ளும் சட்டையைக் கொடுத்தான்.

"புது லோகோ மாமா. லோகோ செய்யுறவங்க இருபது காட்டினாங்க. இதுதான் நின்ன இடத்துலயே ஓடுற மாதிரி இருந்துச்சு. எப்படி இருக்கு?"

மார்பில் அவருடைய எழுத்து. குட்டை வால். நுனியில் வெட்டு.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மச்சான் போனதும், தேய்ப்பதற்காகச் சட்டையை விரித்த மனைவியின் கை நின்றது. அந்த வெட்டைப் பற்றி மாதக்கணக்கில் கேட்டவள் அவள்.

"இது உங்களோடதுதானே? அவன்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? இந்த ரெண்டு வருஷத்துல நல்லா இருக்குன்னு என் முகத்துக்கு நேரா சொன்ன முதல் ஆள் அவன்தான். எனக்கு சந்தோஷம் வேற வந்துச்சு. அதைத்தான் தாங்க முடியல."

"நான் பேசட்டுமா?"

"வேண்டாம். அலுத்துப்போச்சு. அந்த எழுத்து மேல மட்டும் சூடு படாம தேய்."

மறுநாள் காலை கிடங்கு வாசலில் நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். நாற்பது மார்பிலும் அதே வால், அதே வெட்டு. அவரும் போய்க் கடைசியில் நின்றார். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தார்கள்.