எர்மெஸ் மாற்றிய கத்திப் பிடிகள்

இத்தாலியின் மனியாகோ ஊரில் பாதிப் பேர் கத்தி செய்கிறவர்கள். எர்மெஸ் சென்டாட்ஸோ கத்தி பிடிக்கிறவன். சதுக்கத்து ஓரத்தில் அவனுடைய சவரக்கடை. நிற்கிற இடத்தில் நிற்கத் தெரியாத ஆள். வந்தவன் முகத்தில் நுரை போட்டுவிட்டு வாசலுக்குப் போய் யாரையாவது வம்புக்கு இழுப்பான், ரேடியோவைத் திருகுவான், கண்ணாடியைத் துடைப்பான். கத்தியைத் தொட்டால் மட்டும் அடங்கிவிடுவான்.

ஒரு இலையுதிர் காலத்தில் அவனுடைய பழைய ஜெர்மன் சவரக்கத்தி துருப்பிடித்தது. செல்லுலாய்டு பிடி உள்ளுக்குள் கெட்டு, கற்பூர நெடி அடித்தது. அலகு மடங்கி உட்காரும் இடமெல்லாம் செம்புள்ளி. தெருக்கோடியில் பிடி போடும் டெல்ஃபீனாவிடம் எடுத்துப் போனான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"முதல்ல இந்தச் சனியனைக் கழட்டணும்," என்றாள் அவள். "கெட்டுப்போன செல்லுலாய்டுலேர்ந்து வர்ற ஆவியே இரும்பைத் தின்னுடும். புதுசு எதுல போடட்டும்?"

"எருமைக் கொம்புல போடு."

துருவைத் தேய்த்து எடுத்து, கொம்பில் பிடி போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்தான்.

"எடையே இல்ல. கையில நிக்காம பறக்குது. கருங்காலில போடு."

கருங்காலிப் பிடியும் திரும்பி வந்தது. "தண்ணி பட்டு மரம் உப்பிடுச்சு. அலகு உரசுது பாரு."

டெல்ஃபீனா பார்த்தாள். மரம் உப்பவில்லை. பிடியின் உள்பக்கத்தில் அலகு கீறிய கோடுகள் கண்டபடி ஓடின. கத்தியை மூடும்போது கை ஒரே சீராகப் போனால் அப்படிக் கீறாது. அவள் அடுத்த பிடியை எலும்பில் போட்டுக் கொடுத்தாள். அது வழுக்குகிறது என்றான்.

வீட்டில் சூப் குடிக்கும்போது கரண்டி தட்டில் மோதிக் கலகலத்தது. மனைவி நீவெஸ் நிமிர்ந்து பார்த்தால், கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போவான்.

பிறகு பஸ் ஓட்டுகிற ஒலிவோவின் காது மடலில் கத்தி பட்டுவிட்டது.

"என்ன எர்மெஸ், கூலிக்குப் பதிலா காதை எடுத்துக்கிறியா?" என்றான் ஒலிவோ. கடையே சிரித்தது. எர்மெஸ் துண்டை அவன் கையில் திணித்துவிட்டு நேராக டெல்ஃபீனாவிடம் போனான்.

"உள்ளே பித்தளைத் தகடு வச்சுப் போடு. செங்கல் மாதிரி கனக்கணும்."

"போடறேன். இந்த ஆணியைக் கொஞ்சம் பிடி."

பிடியைக் கோக்கும் சின்ன ஆணியை விரலிடுக்கில் வாங்கி இரும்பு அடைகல்மேல் நிறுத்தினான். ஆணி இரும்பில் டக்டக்கென்று அடித்தது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குளிரு," என்றான்.

"அடுப்பு எரியுது, எர்மெஸ்."

"உனக்கு வேலை தெரியலன்னு சொல்லேன்!"

"எனக்குத் தெரியும். பித்தளை என்ன, மலையையே பேர்த்து வச்சாலும் அந்தக் கை ஆடத்தான் போகுது. டாக்டரைப் போய்ப் பாரு."

கத்தியைப் பிரித்தது பிரித்தபடி போட்டுவிட்டு வெளியேறினான். ஆற்றுப் பாலம்வரை நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். நீவெஸ் தேடி வந்து பிடித்தாள். மறுநாள் அவளே போர்தெனோனே நகரத்துக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார், மாத்திரை எழுதினார். சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸை காதில் பிளாஸ்திரியோடு ஒலிவோதான் ஓட்டினான். நீவெஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இனிமே கத்தியை நான் எடுக்கறேன்."

கடையின் பின்கட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டுவது அவள்தான். என்றாலும் எர்மெஸ் துள்ளி எழுந்தான்.

"நீயா? தொண்டையில கத்தி வைக்கணும்டி!"

"உன் தொண்டையில வைக்கலாமான்னு எத்தனை தடவை தோணியிருக்கு. வச்சேனா? அந்த நிதானம் போதும்."

ஒலிவோ சிரிப்பை அடக்க முடியாமல் ஹாரனை அழுத்தினான்.

டெல்ஃபீனாவின் மேஜையில் கழற்றிய பிடிகள் எல்லாம் கிடந்தன. நீவெஸ் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிடித்துப் பார்த்தாள். எர்மெஸ் பின்னாலேயே உலாத்தினான். "பித்தளை வச்சுக்கோ. கேளு, பித்தளை."

"எலும்பு," என்றாள் நீவெஸ். "வெள்ளையா இருந்தா அழுக்குத் தெரியும். பக்கத்தை இழைச்சு ஒல்லியாக்கிடு. மெருகு போடாத, சொரசொரப்பாவே இருக்கட்டும், வழுக்காது."

"இதை இவன் ஒரு தடவைகூடக் கேக்கலையே," என்று டெல்ஃபீனா அரத்தை எடுத்தாள்.

முதலில் யாரும் அவள் கத்திக்குக் கழுத்தைக் கொடுக்க வரவில்லை. வெட்டுப்பட்ட காதுக்காரன் ஒலிவோதான் ஒரு சனிக்கிழமை துணிந்து உட்கார்ந்தான்.

"சாய்ச்சுப் பிடி... இன்னும் சாய்ச்சு... தோலை இழு..." எர்மெஸ் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"வெளியே போ. இல்லன்னா அடுத்தது உனக்குத்தான்."

போனான். சதுக்கத்து நீரூற்றைச் சுற்றினான், கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான், மறுபடி சுற்றினான். ஒலிவோ கன்னத்தைத் தடவிக்கொண்டு வெளியே வந்தான்.

"எப்படி?"

"கொஞ்சம்கூட நடுக்கமே இல்ல," என்ற பிறகுதான் ஒலிவோ நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எர்மெஸுக்கு முகம் சிவந்தது. "அவளுக்கு எப்பவுமே கிடையாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அடுத்தவன் உட்கார்ந்திருந்தான். எர்மெஸ் தூரிகையை எடுத்து நுரை போட ஆரம்பித்தான். நுரை மூக்குக்குள் போய் ஆள் தும்மினான்.

"மெதுவா," என்றாள் நீவெஸ், கத்தியைத் தீட்டியபடியே, திரும்பாமல்.

தூரிகையைக் கிண்ணத்தில் எறிந்தான். வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தான். பிறகு வந்து மறுபடி எடுத்துக்கொண்டான்.