பூட்டியிருந்த பெட்டி

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரி வீட்டில் எனக்கு இரண்டாவது பிரசவம். அக்கரைக் கிராமத்திலிருந்து படகேறி வந்த மருத்துவச்சியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் வந்தாள். மருத்துவச்சிகளுக்கு ஒத்தாசை செய்யவே கடல் கடந்து வந்தவளாம். கூலியில்லாமல் எவளாவது பிரசவம் பார்ப்பாளா? எனக்கே சந்தேகம்தான். மாமியார் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

வலி இழுத்துக்கொண்டே போனது. அப்படி இழுத்தால் வீட்டிலுள்ள பூட்டுகளையெல்லாம் திறந்துவிடுவது வழக்கம். அப்போதுதான் குழந்தைக்கும் வழி திறக்குமாம். யாரும் சொல்லாமலேயே அந்தப் பெண் எழுந்துபோய் அலமாரிகளைத் திறந்தாள். என் கட்டிலருகே மாமியாரின் டிரங்குப் பெட்டி மட்டும் பூட்டியே இருந்தது.

"இதுக்குச் சாவி எவிடே அம்மா?" என்றாள் மருத்துவச்சி.

"முதல்ல அவளை வெளியில போகச் சொல்லு. அவ முழியே சரியில்லை" என்றார் மாமியார்.

அந்தப் பெண் வாசலுக்குப் போனாள். மாமியார் பெட்டியைத் திறந்தார். மேலாகவே கிடந்தது, என் அம்மா எனக்குப் போட்ட வெள்ளிக் கொலுசு. அதைத் திருடிவிட்டாள் என்றுதான் போன ஓணத்துக்கு வேலைக்காரியை விரட்டியிருந்தார்.

அப்போது நான் போட்ட கூச்சல் படகுத்துறை வரை கேட்டிருக்கும். அதில் பாதிதான் வலி.